மூக்குச் சீரமைப்பு அறுவைக்கு முழு மயக்கமா, செடேஷனா? மூச்சுப்பாதையை யார் காப்பது?

செக்காலை ஆச்சி, காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 24 வயது. பள்ளியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கெலும்பு முறிந்ததில் மூக்குத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே நடுச்சுவரும் வளைந்திருப்பதால் இடது நாசியில் காற்று சரியாகப் போவதில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார். தோற்றம், மூச்சு இரண்டையும் ஒரே அறுவையில் சரிசெய்துகொள்வது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அந்த முடிவை நாங்களும் ஏற்றுக்கொண்டோம். ஆகவே அறுவை தேவையா என்பதை நான் இங்கே கேட்கவில்லை.

என் கலக்கமெல்லாம் மயக்க மருந்தைப் பற்றியது. இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்டோம். அழகியல் சிகிச்சை மையம் ஒன்றில், முழு மயக்கமும் வேண்டாம், தொண்டையில் ட்யூபும் வேண்டாம், செடேஷன் என்று தூக்கம் வர ஓர் ஊசியும் மூக்கு மரத்துப்போக ஓர் ஊசியும் போட்டு முடித்துவிடலாம், மாலையே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றார்கள். மதுரையில் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜனோ, முழு மயக்கம் கொடுத்து, வாய்வழியாக மூச்சுக்குழாயில் ட்யூப் வைத்துத்தான் செய்வேன், ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்களுக்கு ட்யூப் என்றாலே உயிர் ஊசலாடும் நிலை என்ற எண்ணம். அதனால் முதல் இடத்துக்கே போகலாம் என்கிறார்கள்.

மகளுக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வரும்; இன்ஹேலர் வைத்திருக்கிறாள். தூக்கத்தில் குறட்டையும் விடுவாள். இந்த நிலையில் எந்த வழி பாதுகாப்பானது? மருத்துவமனையில் நாங்கள் என்னென்ன கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகுந்த உதவியாக இருக்கும்.

தேவகோட்டை மயக்கவியலர்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்கள் மகளை நேரில் பரிசோதிக்காமல் நான் முடிவு சொல்வது முறையாகாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், மதுரை மருத்துவர் சொன்ன வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர் ஒருவரைக் குழாயோடு பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ட்யூப் என்றால் அச்சம் வருவது இயற்கைதான், அந்த அச்சத்தை வெறும் வார்த்தையால் போக்கிவிட முடியாது.

மூக்கு அறுவையில் மயக்கவியலரின் கவனம் முழுவதும் தொண்டையின் மேல்தான் இருக்கும். மூக்கின் உட்புறம் ரத்தநாளங்கள் நெருக்கமாக ஓடும் இடம். சாய்ந்த எலும்பை உளியால் வெட்டி நகர்த்தும்போதும், வளைந்த நடுச்சுவரைச் சீர்செய்யும்போதும் கசியும் ரத்தம், மல்லாந்து படுத்திருப்பவருக்குப் பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கும். விழித்திருக்கும் மனிதர் அதை விழுங்கிவிடுவார், இல்லையென்றால் இருமித் துப்பிவிடுவார். தூக்க மருந்து ஏற ஏற இந்த இரண்டு பாதுகாப்பும் மங்கிவிடுகின்றன. நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சின் ஆழமும் குறைகிறது. அந்த நேரத்தில் குரல்நாண்களின் மேல் சிறிதளவு ரத்தம் பட்டாலும் அவை இறுக மூடிக்கொள்ளக்கூடும்; ரத்தம் நுரையீரலுக்குள்ளும் இறங்கக்கூடும்.

செடேஷன் என்றால் ஒரே அளவில் நின்றுவிடும் மயக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கூப்பிட்டால் கண் திறக்கும் இலேசான நிலையிலிருந்து, கிள்ளினாலும் உணராத ஆழ்ந்த நிலை வரை அது படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். எலும்பில் உளி படும்போது நோயாளி நெளிந்தால் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றுவார்கள்; அந்தக் கொஞ்சமே அவரை அடுத்த நிலைக்கு இறக்கிவிடும். அப்போது முகத்தைச் சுற்றித் துணி போர்த்தியிருக்கும், அறுவை மருத்துவரின் கைகள் மூக்கின் மேல் இருக்கும், மூச்சு நின்றால் முகமூடியை அழுத்தி ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டிய இடமும் அதே மூக்காக இருக்கும். மேலும் முகத்தருகே ஆக்ஸிஜன் திறந்தபடி ஓடும்போது, ரத்தக் கசிவை நிறுத்தும் மின்தீய்ப்புக் கருவியின் பொறியால் துணியும் முடியும் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் முகத்தில் செய்யும் அறுவைகளில் திறந்த ஆக்ஸிஜனின் செறிவை 30 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு குறைவான ஆக்ஸிஜன் போதாத நோயாளி என்றால், செடேஷனை விட்டுவிட்டு மூச்சுப்பாதையில் குழாய் வைத்துக் காப்பதே வழி.

இனி ட்யூப் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சில நிமிடங்கள் தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கச் செய்வோம். மயங்கிய பிறகு குழாயை வைக்கும் இடைவெளியில் உடலுக்கு அது இருப்பாகப் பயன்படும். பிறகு ரத்தநாளம் வழியாக மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, குரல்நாண்களைக் கண்ணால் பார்த்தே குழாயை உள்ளே செலுத்துவோம். குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சிறு பலூன் இருக்கிறது. அதில் காற்றை நிரப்பியதும் மூச்சுக்குழாயின் சுவரோடு அது ஒட்டிக்கொள்ளும்; கண்மாய் மடையை அடைத்ததுபோல, மேலே தேங்கும் ரத்தம் கீழே நுரையீரலுக்குப் போக வழியில்லை. மூக்கு அறுவைக்கென்றே வாயிலிருந்து தாடைப் பக்கமாக வளைந்து இறங்கும்படி வார்க்கப்பட்ட குழாய்கள் உள்ளன. அதை நடுக்கோட்டில் ஒட்டிவைத்தால் மேலுதடு ஒரு பக்கம் இழுபடாது. மூக்கு நேராக இருக்கிறதா என்று சர்ஜன் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியும். இவ்வளவும் நடக்கும்போது உங்கள் மகளுக்கு எதுவும் தெரியாது. கண் விழித்துச் சொன்னதைச் செய்யும் நிலைக்கு அவர் வந்ததும் குழாய் வெளியே வந்துவிடும். பிறகு ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரப்பு இருக்கலாம்.

சில மருத்துவர்கள் ட்யூபுக்குப் பதிலாகக் குரல்வளையின் மேல் கவிந்து உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க்கைப் பயன்படுத்துகிறார்கள். பழகிய கைகளில் அதுவும் மேலிருந்து வரும் ரத்தத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் வயிற்றிலிருந்து உணவு மேலேறி வந்தால் ட்யூப் தரும் பாதுகாப்பை அது தராது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் உடல் பருத்தவருக்கும் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் ஒரு கருவி கட்டாயம் இருக்க வேண்டும். வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவை அலை அலையாகத் திரையில் காட்டும் கேப்னோகிராஃப் அது. ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் மூச்சு நின்ற பிறகும், அதிலும் ஆக்ஸிஜன் ஏற்றப்பட்டிருப்பவருக்கு, அந்த எண் உடனே இறங்காது. கேப்னோகிராஃபோ அடுத்த மூச்சிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் திரட்டி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கை, இந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் அதன் அலையைத் தவறாகப் புரிந்துகொண்டதும் உயிரிழப்புகளுக்குக் காரணமாயின என்று காட்டியது. உங்கள் மகளுக்குச் செடேஷன் தர முன்வந்த மையத்தில் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலிருந்தே பலவற்றைத் தெரிந்துகொள்ளலாம்.

நான் மிகவும் கவலைப்படும் கட்டம் அறுவை முடிந்து விழிக்கும் நேரம். குடும்பத்தாரிடம் "நல்லபடியாக முடிந்தது" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் பெரும்பாலான அபாயங்கள் தலைகாட்டுகின்றன. மேல்வாயின் பின்பகுதியான மென்னண்ணத்துக்குப் பின்னால், மூக்கின் பின்துளையை ஒட்டிய மறைவில், ரத்தம் உறைந்து கட்டியாகத் தங்கியிருக்கும். வாய்க்குள் மேலோட்டமாகச் சக்ஷன் என்ற உறிஞ்சுகுழாயை வைத்தால் அது அகப்படாது. குழாயை எடுத்த பிறகு அந்தக் கட்டி நழுவி மூச்சுக்குழாய் வாயை அடைத்துவிட்டால் உயிருக்கே கேடு. ஆகவே குழாயை எடுக்கும் முன்பு தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் வெளிச்சத்தில் தொண்டையை நேராகப் பார்த்து, அந்த மறைவிடம் வரைக்கும் உறிஞ்சித் துடைத்துவிட வேண்டும்.

அடுத்து, மூக்கு அறுவை முடிந்த நோயாளிக்கு அரைமயக்கத்திலேயே குழாயை எடுப்பதை நான் விரும்புவதில்லை. வேறு அறுவையானால், குழாயெடுத்த பின் மூச்சு திணறினால் முகமூடியை இறுக வைத்துக் காற்றைச் செலுத்தலாம். இங்கே மூக்கின் மேல் புதிதாக நகர்த்திய எலும்பும் அதைப் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்டும் இருக்கின்றன. முகமூடியை அழுத்தினால் செய்த வேலை கலையும், அழுத்தத்தோடு செலுத்தும் காற்று வெட்டிய எலும்பு வழியாகத் தோலுக்கடியில் புகுந்து முகம் வீங்கவும் கூடும். ஆயினும் உயிருக்கும் மூக்கின் அழகுக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் முகமூடியை அழுத்தத் தயங்கக் கூடாது. மூக்கைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

உங்கள் மகளுக்கு இளைப்பும் குறட்டையும் இருப்பதால் இந்தக் கட்டம் இன்னும் முக்கியமாகிறது. இளைப்பு உள்ளவருக்குக் குரல்நாண்களும் மூச்சுக்குழல்களும் எளிதில் சுருங்கும். சளிக்காய்ச்சல் வந்து போன சில வாரங்களுக்கும் அதே நிலைதான். ஆகையால் அறுவைக்கு முன் இரண்டு வாரத்துக்குள் சளி பிடித்தால் மறைக்காமல் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள். குறட்டை வெறும் மூக்கடைப்பால் வருகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோயா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இரவில் மூச்சு நிற்பதை யாராவது கவனித்தார்களா, பகலில் தூங்கி விழுகிறாரா, ரத்த அழுத்தம் உண்டா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்பன போன்ற எட்டுக் கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பேங் என்ற முறை இதற்கென்றே இருக்கிறது. அந்த நோய் இருந்தால், ரத்தம் கசியாதிருக்க மூக்கில் பேக் என்ற அடைப்பு வைத்த முதல் இரவு கண்காணிப்பில் கழிந்தே ஆக வேண்டும். மார்ஃபின் வகை வலிமருந்துகளையும் குறைத்தே கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களில், தசை தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்க வாய்ப்பு கூடுதல். சில நிமிடத்தில் தெளிய வேண்டிய மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். தெரிந்திருந்தால் வேறு மருந்தைப் பயன்படுத்திவிடலாம். இரு பக்கத்து உறவிலும் யாராவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாகி இயந்திரத்தில் வைக்கப்பட்டார்களா, மயக்கத்தின்போது கடுமையான காய்ச்சல் வந்ததா என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

பள்ளத்தூர் சிஸ்டர், ஓய்வு:

அறுவை அரங்கச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் விட்டுவிட்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன், அது எங்கள் கைவேலை என்பதால்.

மூக்கு அறுவைகளில் ரத்தம் வயிற்றுக்குள் இறங்காதிருக்கத் தொண்டையில் ஈரமான காஸ் துணியை அடைத்து வைப்பது நெடுநாள் வழக்கம். அதைத் தொண்டை பேக் என்போம். மயக்கம் தெளியும்போது அதை எடுக்க மறந்துவிட்டால், குழாய் வெளியே வந்த அடுத்த கணமே நோயாளியின் மூச்சு அடைபடும். இப்படி மறந்துபோன நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2009-இல் இதற்கென்று தனி அறிவுறுத்தலே வெளியிட்டது: பேக் உள்ளே இருக்கிறது என்பதற்குக் கண்ணில் படும் அடையாளம் ஒன்றும் எழுத்துப் பதிவு ஒன்றும் இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு 2018-இல் அந்நாட்டு மயக்கவியலர்களும் தொண்டை, முக அறுவை நிபுணர்களும் சேர்ந்து, வழக்கத்துக்காக எல்லோருக்கும் பேக் வைப்பதற்குச் சான்றில்லை, தேவையைச் சொல்லித்தான் வைக்க வேண்டும் என்று முடிவு கூறினார்கள்.

நாங்கள் பேக் வைத்ததும் அதன் ஒரு முனையை வாய்க்கு வெளியே நீட்டிவிட்டு, நோயாளியின் நெற்றியில் ஒட்டும் பட்டையில் எழுதி ஒட்டிவிடுவோம். சுவரிலிருக்கும் பலகையிலும் எழுதுவோம். எடுக்கும்போது "பேக் வெளியே" என்று உரக்கச் சொல்லிக் கையில் தூக்கிக் காட்டாமல் யாரும் குழாயைத் தொடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எங்கள் அரங்கில் ஒட்டிவைத்திருந்தோம். மயக்கம் கொடுக்கும் முன்பு, கத்தி வைக்கும் முன்பு, அரங்கை விட்டுப் போகும் முன்பு என்று மூன்று முறை நின்று வாய்விட்டுப் படிக்கும் பட்டியல் அது. மூச்சுப்பாதையில் சிரமம் வருமா என்ற கேள்வி முதல் கட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மகள் செல்லும் இடத்தில் அந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறார்களா என்று அரங்கச் செவிலியரிடம் கேளுங்கள், ஆச்சி. பெரிய மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகளை எங்களிடம் கேட்கலாம்.

சக்ஷன் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. ரத்தம் தொண்டையில் நிற்கும் நேரத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கும், அதுவரை காலால் மிதித்து இயக்கும் சக்ஷன் இருக்கிறதா, குழாய்வழி ஆக்ஸிஜன் தடைபட்டால் நிறை சிலிண்டர் அரங்குக்குள்ளேயே நிற்கிறதா என்பவையும் கேட்க வேண்டியவை.

கோட்டையூர் வாசகர்:

எல்லோரும் செடேஷனை ஒதுக்கிவிட்டதாகத் தோன்றுகிறது. என் மனைவியின் தங்கைக்குச் சென்னையில் மூக்கு நுனியை மட்டும் சீராக்கும் அறுவையை மரத்துப்போகும் ஊசியும் இலேசான தூக்க மருந்தும் கொடுத்தே செய்தார்கள். நடுவில் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாந்தியில்லை, தொண்டை வலியில்லை, மறுநாள் வழக்கம்போல் சாப்பிட்டார். உலகெங்கும் பல சர்ஜன்கள் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்றும் அவரிடம் சொன்னார்களாம். ஆகவே செடேஷன் என்றாலே தவறு என்று முடிவு கட்டுவது நியாயமாகாது என்பது என் கருத்து.

தேவகோட்டை மயக்கவியலர்:

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். நுனிக் குருத்தெலும்பை மட்டும் தொடும் சிறு அறுவை, ரத்தம் குறைவு, பேசும் அளவுக்கு விழிப்பு, மருந்தைக் கவனிக்க மயக்கவியலர் ஒருவர் தனியே, நோயாளிக்கு இளைப்போ குறட்டையோ இல்லை: இவ்வளவும் கூடிவந்தால் அது நல்ல வழியே. ஆச்சியின் மகளுக்கு எலும்பை வெட்ட வேண்டும், நடுச்சுவரையும் சீர்செய்ய வேண்டும், மூச்சுநோயும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மேலும் அந்த மையத்தில் மயக்கவியலர் இருப்பாரா என்பது பற்றி ஆச்சியின் பதிவில் ஒரு சொல்லும் இல்லை. அறுவை செய்பவரே தூக்க மருந்தையும் ஏற்றிக்கொண்டு, நோயாளியின் மூச்சையும் பார்த்துக்கொள்வேன் என்றால் அதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். மரத்துப்போகும் ஊசிக்கும் எல்லை உண்டு. அதற்குப் பயன்படும், அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் மருந்து உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 350 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 17.5 மில்லிலிட்டர். வலிக்கிறது, வலிக்கிறது என்று நோயாளி சொல்லச் சொல்ல ஊசியைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது. தாண்டினால் முதலில் உதடு மரத்துக் காதில் ரீங்காரம் கேட்கும். பிறகு வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். தூக்க மருந்தில் இருப்பவர் அந்த முதல் அறிகுறிகளை எடுத்துச் சொல்ல மாட்டார்.

புதுவயல் பொறியாளர்:

எனக்கு இதே அறுவை முழு மயக்கத்தில் நடந்தது. மயக்கம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முகமூடி வைத்தது நினைவிருக்கிறது, அடுத்து யாரோ கண்ணைத் திறக்கச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்குக் கடினமாக இருந்தது அந்த முதல் இரவுதான். இரண்டு நாசியிலும் பேக் இருந்ததால் வாயால் மட்டுமே மூச்சு விட வேண்டும். விழித்தவுடன் மூச்சே வரவில்லை என்ற பதற்றம் எழுந்தது. ஆக்ஸிஜன் அளவு சரியாகத்தான் இருந்தது. மூக்கால் காற்று வராததை மனம் ஏற்றுக்கொள்ள நேரமாயிற்று. அறுவைக்கு முன்பே வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சுவிட்டுப் பழகியிருக்கலாம் என்று செவிலியர் ஒருவர் பிறகு சொன்னார். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற்றம் குறையும், ஆச்சி.

தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்தி வைத்திருந்தார்கள். தொண்டைக்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் கிண்ணத்தில் துப்பச் சொன்னார்கள். விழுங்கிய ரத்தம் வயிற்றைக் குமட்டும் என்பதும், வாந்தியின் உந்தலில் மீண்டும் ரத்தம் கசியும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறைக்கு வெளியே மணியடித்தால் வரும் தூரத்தில் ஆள் இருந்தது எனக்கு எவ்வளவு தைரியம் தந்தது என்பதைச் சொல்லி முடியாது. அன்று மாலையே காரில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருந்தால் என் தாயாரால் அந்த இரவைச் சமாளித்திருக்க முடியாது.

செக்காலை ஆச்சி, காரைக்குடி:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. டாக்டர் தம்பி எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். என் மாமியார் மட்டும், ட்யூபை எடுக்கும்போது உயிர் போய்விடாதா என்று இரண்டு முறை கேட்டார்கள்; விழித்துச் சொன்னதைச் செய்த பிறகுதான் எடுப்பார்கள் என்றதும் சற்றுத் தெளிந்தார்கள். அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசி மயக்கவியலர் யார் என்று கேட்டேன். தேவைப்பட்டால் வரவழைப்போம் என்றார்கள். மதுரையிலேயே செய்வது என்று முடிவாகிவிட்டது.

இன்னும் சில சிறிய கேள்விகள். மறுநாள் காலை கிளம்பலாமா, அல்லது இன்னும் ஒரு நாள் மதுரையில் உறவினர் வீட்டில் தங்க வேண்டுமா? வெறும் வயிறு என்கிறார்களே, அவளால் காபி இல்லாமல் இருக்க முடியாது; அதற்கு விதிவிலக்கு உண்டா? மூக்குத்தியை எப்போது கழற்ற வேண்டும்? அவளுக்குக் குத்தியது நன்றாக ஆறிய பழைய துளை. அறுவைக்குச் சில நாள் முன்பு வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, மருதாணி வைத்துக்கொள்ளலாமா? வலிக்கு வழக்கமாக அவள் சாப்பிடும் மாத்திரையைத் தொடரலாமா?

தேவகோட்டை மயக்கவியலர்:

நல்ல முடிவு, ஆச்சி. "தேவைப்பட்டால் வரவழைப்போம்" என்ற பதில் எனக்கு வருத்தம் தருகிறது. மூச்சு நின்ற மூளை சில நிமிடங்களே தாங்கும். அதற்குள் வரவழைக்கக்கூடிய தூரம் என்று ஒன்று கிடையாது.

பால் சேர்த்த காபி திட உணவுக் கணக்கில் வரும். மயக்கத்துக்கு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இட்லி போன்ற எளிய உணவுக்கும் அதே 6 மணி நேரம். எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த விருந்துக்கு 8 மணி நேரமாவது வேண்டும், ஆகவே முந்தின இரவு கோழிக்குழம்பைத் தவிர்த்து எளிதாகச் சாப்பிடச் சொல்லுங்கள். தண்ணீரும் பால் சேர்க்காத கடுங்காப்பியும் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். காபி இல்லாவிட்டால் தலைவலி வருபவருக்கு அந்தக் கடுங்காப்பி உண்மையிலேயே உதவும். ஆனால் அறுவை நேரம் முன்னே பின்னே மாறக்கூடும் என்பதால், அந்த மருத்துவமனை எழுதிக்கொடுக்கும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

மூக்குத்தியை முந்தின நாளே வீட்டில் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். திருகு இறுகியிருந்தால் ஆசாரியிடம் போய்த் தளர்த்திக்கொள்ளுங்கள்; அறுவையன்று காலையில் அரங்க வாசலில் நின்றுகொண்டு எண்ணெய் தடவித் திருகுவது எல்லோருக்கும் சிரமம். மீண்டும் எப்போது அணியலாம் என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மருதாணி அடர்த்தியாகப் பிடித்தால், கறுப்பு மருதாணி என்றால் இன்னும் அதிகமாக, ஆக்ஸிமீட்டரின் ஒளி விரலைச் சரியாக ஊடுருவாமல் போகலாம். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளட்டும், இரண்டு மூன்று விரல் நுனிகளை வெறுமையாக விட்டுவிடட்டும். நகப்பூச்சும் வேண்டாம்.

வலி மாத்திரையின் பெயரை முன்பரிசோதனையில் மயக்கவியலரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகளால் ரத்தக் கசிவு கூடும் என்பதோடு, இளைப்பு உள்ளவர்களில் சிலருக்கு அவையே கடும் இளைப்பைத் தூண்டிவிடும். மூக்கில் சதை வளர்ச்சியும் சேர்ந்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அந்த மாத்திரை சாப்பிட்ட பிறகு எப்போதாவது நெஞ்சு இறுகியதா என்று மகளிடம் கேளுங்கள். நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது எடுத்துவந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இன்ஹேலரை மட்டும் ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது. அறுவையன்று காலையிலும் அவர் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளட்டும்.

காரைக்குடிக்குத் திரும்புவது பற்றி: முதல் 24 மணி நேரத்தில்தான் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். மறுநாள் காலை பேக் எடுத்த உடனே கிளம்பிவிடாமல், அன்று ஒரு நாள் உறவினர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் சர்ஜனிடம் காட்டிவிட்டுப் புறப்படுவது என் யோசனை. வழியில் ரத்தம் கசிந்தால் தலையை முன்னே சாய்த்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், தலையைப் பின்னே சாய்க்காதீர்கள். மூக்கைக் கிள்ளி அழுத்துவது வழக்கமான மூக்கு ரத்தத்துக்கு உரியது. புதிதாக எலும்பு நகர்த்திய மூக்கில் சர்ஜன் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு மூக்கடைப்பும் வலியும் திடீரெனக் கூடினால் நடுச்சுவரில் ரத்தம் தேங்கியிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். பேசும்போது மூச்சிரைத்தாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ மதுரை வரை போகும் நேரம் இல்லை. அருகிலிருக்கும் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள், 108-ஐ அழையுங்கள். குரல்வளை இறுகியபோது பலங்கொண்டு மூச்சிழுத்த இளவயதினருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே அது தெரிந்துவிடும், ஆக்ஸிஜன் கொடுத்துக் கவனித்தால் ஓரிரு நாளில் சரியாகியும் விடும்.

முன்பரிசோதனையை அறுவைக்கு முந்தின மாலைக்கு ஒத்திப்போடாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இளைப்பு அடங்காமல் இருந்தால் மருந்தைக் கூட்டிச் சரிசெய்ய அந்த இடைவெளி வேண்டும். ஸ்கேன் படம், இன்ஹேலர், பழைய மருந்துச் சீட்டுகள், பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பார்கள், கழுத்தை நிமிர்த்தச் சொல்வார்கள், ஆடும் பல் உண்டா என்று கேட்பார்கள். குழாய் வைப்பது எளிதா கடினமா என்று அவர்கள் கணிப்பது அதை வைத்துத்தான். அன்று உங்கள் மகளைப் பரிசோதிக்கும் மயக்கவியலரே அறுவையன்றும் இருப்பாரா என்று கேட்டு, வேறொருவர் வருவதாக இருந்தால் குறிப்புகள் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.